அரக்கு நூல் ஓடிய கயிறு

திருநாவலூர்,
ஆடி 27 (1969)

அன்புத் தம்பி பச்சமுத்துவுக்கு அக்கா தைலம்மாள் எழுதுவது. இங்கு நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. மலைக்குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு படு.

ஏன்டா, உன் மாமாவுக்கு என்ன ஆயிற்று? சித்திரையில் நீங்கள் இரண்டு பேரும் கல்வராயன் மலைக்கு ரோடு வேலைக்கு ஏறினதிலிருந்து மாதம் ஒரு கார்டு தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதில் அதிகம் எழுத மாட்டார். "சுகம். மழை. அம்மாவைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதம் ஓடிவிடும். ஆடியில் கார்டு வரவில்லை. ஆடிப்பெருக்குக்கு வருகிறேன் என்றவர் வரவும் இல்லை. அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டே, "எம் புள்ள கோவக்காரன், மேஸ்திரிகிட்ட சண்ட இழுத்துகினு கீறானோ இன்னாவோ" என்கிறார்கள். கலியாணமாகி மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு தடவை கூடக் கோபப்பட்டதில்லை. அத்தை சொல்வது எந்தப் பிள்ளையோ.

போன தீபாவளி நோன்பில் நான் கட்டிவிட்ட கயிறு அவர் கையில் இருக்கிறதா பார். பாறை உடைக்கிற கை. அறுந்துபோனாலும் தூக்கிப் போடக் கூடாது என்று சொல். பழைய கயிறு நோன்புச் சட்டியில் சேர்ந்த பிறகுதான் புதுசு கட்ட வேண்டும். உன் கையில் கட்டினதற்கும் அதே பேச்சுதான். ஆற்றில் குளிக்கிறேன் என்று விட்டுவிடாதே.

பதில் போடு. உன் மாமாவையும் ஒரு வரி எழுதச் சொல்.

உன் அக்கா,
தைலம்மாள்


மலை ரோடு முகாம், கச்சிராயபாளையம் வழி,
ஆவணி 12

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பச்சமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். மாமாவும் சுகம். அத்தையின் முழங்காலுக்கு இங்கே ஒரு வேர் கிடைக்கிறது, அரைத்துப் போட்டால் வலி கேட்கும் என்கிறார்கள். வரும்போது கொண்டு வருகிறேன்.

இங்கே மழை ஜாஸ்தி. ரோடு வேலை நாலு நாள் நடந்தால் இரண்டு நாள் நிற்கிறது. மாமா சுகமாக இருக்கிறார். அவரை மேல் முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தபால் ஏறாது, அதனால்தான் கார்டு வரவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கருப்பண்ணன் என்று ஒரு மலைக்காரர், சாமை வெள்ளாமை செய்கிறவர். அவர் வீட்டில் வேளாவேளைக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். நல்ல மனுஷர்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கவலைப்படாதே. மாமா சுகம்.

என் கயிறு கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பச்சமுத்து


திருநாவலூர்,
ஆவணி 26

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மழை இங்கே கம்மி. கடலை விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்புக் கிழிந்துபோயிற்று. மாமா சுகம் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். முகாமில் சமையல் ஆள் இருக்கும்போது அவருக்கு ஏன் மலைக்காரர் வீட்டில் கஞ்சி ஊற்ற வேண்டும்? கறி இல்லாமல் சோற்றைத் தொடாதவர் கஞ்சி குடிக்கிறாரா? உன் கயிறு கையில் இருக்கிறது என்று எழுதினாய். நான் கேட்டது உன் கயிற்றையா?

காய்ச்சலா? மலைக்காய்ச்சல் வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று ஆண்டாள் சொல்கிறாள். எதிர்வீட்டு ஆண்டாள்தான், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

நான் ஏன் இப்படிப் பறக்கிறேன் என்று நினைப்பாய். நீ ஆம்பிளை, உனக்கு நோன்பு என்றால் அதிரசம். எனக்கு அப்படியில்லை. இந்த நோன்பு அத்தை தன் மாமியார் கையால் வாங்கினது. மாமனார் காலமானதும் அத்தை அதைத் தொடவில்லை, தொடக்கூடாது. உன் மாமாவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் சட்டியை என் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். புருஷன் நன்றாக இருக்கிறவள் எடுக்க வேண்டிய சட்டி அது. அவர் நன்றாக இருக்கும்போது நான் ஒரு வருஷம் விட்டால் அந்தக் கேடு அவருக்கு. அவர் இல்லாமல்

அந்த வரியை எழுத மாட்டேன்.

இத்துடன் விலாசம் எழுதின கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கோடு கிழித்து அனுப்பினால் போதும். அவர் கோடு எனக்குத் தெரியும்.

அக்கா,
தைலம்மாள்


திருநாவலூர்,
புரட்டாசி 19

தம்பிக்கு அக்கா எழுதுவது. அத்தை நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கார்டு வரவில்லை, உன் பதிலும் வரவில்லை.

நேற்று அதிரசத்துக்கு வெல்லம் வாங்கக் கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போனேன். வெல்லம் உளுந்தூர்பேட்டையிலேயே கிடைக்கும். மலை ஆட்கள் இறங்கி வருவார்கள், யாரையாவது கேட்கலாம் என்றுதான் போனேன். கடுக்காயும் தேனும் வைத்துக்கொண்டு கரியன் என்று ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். ரோடு வேலையில் திருநாவலூர் ஆள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"ஊரு தெரியாதும்மா. ஆடியில வேட்டு வெச்சாங்க. வெடிக்கலன்னு கீழ்நாட்டு ஆளு ஒருத்தன் கிட்ட போனான். அப்பறம் வெடிச்சிது. துணியில சுத்தி டோலி கட்டி தூக்கிகினு போனாங்க. நான் பாத்தேன்."

"ஆளு இன்னா ஆனாரு?"

"தெரியலம்மா. துணியெல்லாம் ரத்தம்."

வெல்லத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறினதும் இறங்கினதும் நினைவில்லை. அத்தையிடம் வெல்லம் நன்றாக இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்த ஆள் யார்? எனக்குப் பயமாக இருக்கிறது பச்சமுத்து. காலையில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன். வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வைக்கிறேன். குழாயடியில் ஆண்டாள், "இன்னாடி தைலம், இந்த வருசம் சட்டி எடுப்பியா? தெருவே ஒண்ணா எடுக்கிற நோன்பு. ஒரு சட்டி தீட்டாப் போனா அத்தனை பேரு தாலிக்கும் ஆவாது" என்றாள். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை, தெருவுக்கு எப்படித் தெரிந்தது? என் முகத்தில் எழுதியிருக்கிறதா?

நல்லதோ கெட்டதோ எழுது. தெரியாமல் இருப்பதைவிட எதுவும் பெரிசில்லை.

தைலம்மாள்


மலை ரோடு முகாம்,
ஐப்பசி 4

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். அத்தையின் உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதே. நாலைந்து முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அக்கா, இந்த வருஷம் நோன்பு எடுக்க வேண்டாம். இதற்கு மேல் என்னைக் கேட்காதே. நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

பச்சமுத்து


திருநாவலூர்,
ஐப்பசி 7

தம்பிக்கு.

உன் கடிதத்தை அத்தை கண்ணில் படாமல் அடுப்பில் போட்டுவிட்டேன். எரிகிறபோது எனக்கே கொள்ளி வைத்த மாதிரி இருந்தது.

நோன்பு எடுக்காதே என்று ஒரு பெண்பிள்ளைக்கு எழுதினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? தாயைப் போல உன்னை இடுப்பில் சுமந்தவள் நான். அந்த ஒரு வரியை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? யாருக்குச் சத்தியம் செய்தாய்? உயிரோடு இருக்கிறவருக்கா, போனவருக்கா?

நேரே கேட்டால் நீ சொல்ல மாட்டாய். ஒன்று செய். நான் சட்டி எடுக்கலாம் என்றால் உன் மாமாவின் பழைய கயிற்றை உறையில் போட்டு அனுப்பு. எடுக்கக் கூடாது என்றால் ஒன்றும் அனுப்பாதே. நானே புரிந்துகொள்கிறேன். ஒரு வார்த்தை எழுத வேண்டாம், சத்தியமும் கெடாது.

அத்தைக்குத் தெரியாமல் தினமும் தபால்காரரை ஊர் எல்லையிலேயே போய்ப் பார்த்துவிடுகிறேன்.  கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

தைலம்மாள்


மலை ரோடு முகாம்,
ஐப்பசி 12

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நீயும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன்.

கேட்டபடி மாமாவின் கயிறு இத்துடன் இருக்கிறது. நோன்பை நல்லபடியாக எடு.

பச்சமுத்து


திருநாவலூர்,
ஐப்பசி 15

பச்சமுத்துவுக்கு.

கயிறு வந்தது. உறையைப் பிரித்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அது உன் கயிறு.

என் புருஷனுக்குக் கூடச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், கேள். நோன்புக் கயிறு எல்லாவற்றையும் வீட்டில் நான்தான் திரிக்கிறேன். எல்லாருக்கும் மஞ்சள் தோய்த்த நூல். அவர் கயிற்றுக்கு மட்டும் என் கூரைப்புடவை முந்தானையிலிருந்து அரக்கு நூல் ஒன்றை உருவி உள்ளே வைத்துத் திரிப்பேன். வெளியே தெரியாது. பிரித்தால்தான் தெரியும். எங்கே போனாலும் என் புடவையில் ஒரு இழை அவர் கையில் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. பைத்தியக்காரத்தனம்தான்.

நீ அனுப்பினதைப் பிரித்தேன். அத்தனையும் மஞ்சள்.

அவர் கையிலிருந்து ஒரு கயிற்றை வாங்கி அனுப்ப உன்னால் முடியவில்லை. உன் கையில் கட்டினதைக் கழற்றி அனுப்பிவிட்டாய். அக்கா அழக்கூடாது என்று செய்தாய், தெரிகிறது. ஆனால் இதை நம்பி நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாலி அறுத்தவள் நடுத்தெருவில் நோன்புச் சட்டியோடு நிற்பேன். அத்தனை பெண்கள் தாலியிலும் என் தீட்டுப் படும். ஆண்டாளை எனக்குப் பிடிக்காதுதான், அதற்காக அவள் புருஷனுக்குக் கெடுதல் வரட்டும் என்றா நினைப்பேன்?

அத்தை இன்றைக்கு அதிரசத்துக்குப் பச்சரிசி வாங்கி வைத்துவிட்டார்கள். இந்த வருஷத்துக்குப் புதுச் சட்டி வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மகன் தீபாவளிக்கு வந்துவிடுவான் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தச் சட்டியைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கிறேன்.

அமாவாசைக்குள் உண்மையை எழுது. நிமிர்த்தட்டுமா, கவிழ்ந்தபடியே விடட்டுமா? வேறொன்றும் வேண்டாம்.

தைலம்மாள்


மலை ரோடு முகாம்,
ஐப்பசி 18

அக்கா, மாமா உயிரோடு இருக்கிறார். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைப் படி. மாமா உயிரோடு இருக்கிறார். தபாலை நம்பாமல் கரியன் தாத்தா கையில் கொடுத்து அனுப்புகிறேன். சந்தையில் உன்னிடம் பேசினவர்தான். உயிரோடு இருக்கிற ஆளை அவர் நேரில் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார், கேட்டுக்கொள்.

அவர் சொன்ன வேட்டில் அடிபட்டது மாமாதான். வலது கை போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அங்கிருந்து திருநாவலூர் எவ்வளவு தூரம்? "வூட்டுக்குப் போலாம் மாமா" என்று கெஞ்சினேன். திரும்பவும் மலைக்கே கூட்டிப் போ என்று சொல்லிவிட்டார். கருப்பண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். அவர் சம்சாரம் பெரியம்மாள்தான் கஞ்சி ஊட்டினார்கள், புண்ணுக்குத் தழை அரைத்துக் கட்டினார்கள். இப்போது காயம் ஆறிவிட்டது. கிளி விரட்டச் சாமைக் காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். பேசுவதே கம்மி.

"கல்லு ஒடைக்கிற கை இல்ல, கரும்பு வெட்டுற கை இல்ல. நான் அங்க போயி இன்னா செய்யறது? அவ சின்னப் பொண்ணு. செத்துட்டான்னு எழுதிடு" என்றார். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. எழுதச் சொன்னால் பாறையிலிருந்து குதித்துவிடுவேன் என்று நானே மிரட்டினேன். அப்புறம்தான், "அப்ப ஒண்ணும் எழுதாத. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

நோன்பு வேண்டாம் என்று எழுதச் சொன்னதும் அவர்தான். "கயிறு கட்டின கையவே அம்மன் எடுத்துகினா. எங்க நோன்பு அவளுக்குப் புடிக்கல. தைலம் மறுபடியும் எடுத்தா அவளுக்கும் இன்னாவாச்சும் ஆயிடும்" என்று பயப்படுகிறார். இந்தப் பயத்தில் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை.

அரக்கு நூல் விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. கை போன மறுநாள் பாறை இடுக்கெல்லாம் கயிற்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. கையோடு போய்விட்டது. நீ கேட்டபோது வேறு வழி தெரியாமல் என்னுடையதைக் கழற்றினேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன். அதன் பாவம் என்னோடு போகட்டும். நீ சட்டியை நிமிர்த்து.

உன் தம்பி,
பச்சமுத்து


திருநாவலூர்,
ஐப்பசி 25

மாமாவுக்குத் தைலம்மாள் எழுதிக்கொண்டது. உறைமேல் உங்கள் பேரை எழுதக் கை கூசியது. அடுத்த வீட்டுப் பையனை எழுதச் சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு நானே எழுதிவிட்டேன். இத்தனை மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பேர் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அத்தை நலம். உங்கள் விஷயம் கேட்டு ஒரு பகல் முழுக்க அழுதார்கள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவிப் பாகு காய்ச்ச உட்கார்ந்துவிட்டார்கள். அதிரசம் பிரியாமல் வந்தது. நான் சுகமில்லை. உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துட்டான்னு எழுதச் சொன்னீர்களாமே. என்னைக் கேட்காமல் என்னை முண்டச்சியாக்க நீங்கள் யார்?

நோன்பு எடுத்தேன். சட்டியோடு தெருவில் இறங்கினபோது ஆண்டாள் என் நெற்றியையே பார்த்தாள். "மாமா நல்லா கீறாரு, மலையில கிளி வெரட்டிகினு கீறாரு" என்றேன். நகர்ந்து எனக்கு வழி விட்டாள்.

பழைய கயிறு இல்லாமல் புதுசு கட்டலாமா என்று அத்தையைக் கேட்டேன். "ஆளு போவறதுக்கு பதிலா கையோட போச்சு. கட்டின கயிறு செய்ய வேண்டியத செஞ்சிட்டுதான் போயிருக்குது. புதுசு திரிடி" என்றார்கள். அம்மன் உங்கள்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய வேட்டில் ஒரு கையோடு விட்டிருக்கிறாள்.

பூசாரி வருஷா வருஷம் சொல்லுகிற கதைதான், நீங்கள் அதிரசத்தைப் பார்த்துக்கொண்டு காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள். ஐயனைப் பிரிந்து பூமிக்கு வந்த அம்மன் இந்த நோன்பை இருபத்தொரு நாள் இருந்தாள். அதற்குப் பலனாக ஐயன் தன் உடம்பில் பாதியைக் கொடுத்தான். தவம் கிடந்த அம்மனுக்கே பாதி ஆள்தான் கிடைத்தான் மாமா. எனக்கு ஒரு கை போக மிச்சம் அத்தனையும் இருக்கிறது. நான் குறை சொல்லுவேனா?

அம்மன் வாங்கினது இடது பக்கம். அதனால்தான் ஆண்களுக்கு வலது கையிலும் பெண்களுக்கு இடது கையிலும் கட்டுகிறோம். உங்களிடம் இருப்பது எங்கள் கை. அதில் கட்டலாம், தப்பில்லை, பூசாரியிடம் கேட்டுவிட்டேன்.

கயிறு இத்துடன் இருக்கிறது. இந்தத் தடவை அரக்கு நூலை உள்ளே ஒளிக்கவில்லை. வெளியே தெரியட்டும் என்று மேலேயே சுற்றியிருக்கிறேன். என் பயம் இன்னும் போகவில்லை. நீங்கள் வருகிற வரைக்கும் போகாது.

தைலம்மாள்


மலை,
ஐப்பசி 30

தைலத்துக்கு.

சுகம். மழை விட்டது.

இடது கையால் எழுதுகிறேன். முன்னைவிடக் கோணல்.

கயிறு வந்தது. ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. பச்சமுத்து கட்டுகிறேன் என்றான். பெரியம்மாளும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல். நாளைக்கு மலை இறங்குகிறேன்.

நீ கட்டு.

சின்னக்கண்ணு